அந்த ஒரு கையெழுத்துக்காக விமானம் நிற்கத்தான் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் தன் மனக்குறையை எழுதியிருந்தார். சென்னையிலிருந்து மதுரைக்குக் காலை விமானம். அக்கா மகள் கல்யாணம். மூன்றரை மணி நேரத் தாமதத்தில் முகூர்த்தம் முடிந்து, பந்தியும் முடிகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார். தாய்மாமன் முறைக்கு நிற்க வேண்டியவர். படித்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் கடைசியில் அவர் எழுதியிருந்தது என்னை விடவில்லை. “எஞ்சினில் கோளாறு இல்லை, சக்கரத்தில் கோளாறு இல்லை. புத்தகத்தில் யாரோ கையெழுத்துப் போட மறந்துவிட்டாராம். அந்த ஒரு கையெழுத்துக்காக எழுபது பேரைக் காக்க வைத்தார்கள்.”

அந்தக் கையெழுத்தைப் போடும் வேலையைத்தான் நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் செய்தேன். மீனம்பாக்கத்தில் டெக்னீசியனாகச் சேர்ந்து, பரீட்சைகள் எழுதி லைசென்ஸ் வாங்கி, ஏ.எம்.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் விமானப் பராமரிப்புப் பொறியாளராக ஓய்வு பெற்றேன். இப்போது பம்மலில் மகன் வீட்டில் இருக்கிறேன். வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. அந்த வாசகருக்கும், அவரைப் போலக் காத்திருந்து கோபப்பட்ட எல்லோருக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

விட்டுப்போன கையெழுத்தைப் போட ஒரு நொடி போதும். பேனாவை எடுத்தால் முடிந்தது. மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது என்றால், அந்தப் பொறியாளர் பேனாவை எடுக்கவில்லை என்று அர்த்தம். முந்தின இரவு யாரோ செய்த வேலைக்குப் பதிவு இல்லை. செய்து முடித்தாரா, பாதியில் விட்டாரா என்பது காகிதத்தைப் பார்த்தால் தெரியாது. அப்படியானால் ஏணி போட வேண்டும், பேனலைத் திறக்க வேண்டும், டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் முதலிலிருந்து செய்ய வேண்டும், மறுபடி மூட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. அந்தக் காலையில் எழுபது பேரின் கோபத்தை முதுகில் வாங்கிக்கொண்டு ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அவர் யாரென்று தெரியாது. தெரிந்தால் நேரில் போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன்.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1989 டிசம்பர். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. எனக்கு இரவு ஷிப்ட், பதினோரு மணிக்கு ஆரம்பம். காலை 6.15க்குக் கிளம்ப வேண்டிய விமானம் ஹாங்கருக்கு, அதாவது விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகைக்கு, வெளியே நின்றது. அதன் ஜாப் கார்டுகளை, அதாவது செய்ய வேண்டிய வேலையும் செய்தவர் கையெழுத்தும் இருக்கும் அட்டைகளை, ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தேன். வால் பகுதியில், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் என்ற அசையும் தகட்டின் டிரிம் சம்பந்தப்பட்ட ஒரு கம்பியின் போல்ட்டை மாற்ற வேண்டும் என்று ஒரு கார்டு. அதில் ஒரு எழுத்துகூட இல்லை. கட்டங்கள் எல்லாம் காலி. மேலே போய்ப் பார்த்தால் பேனல் மூடியிருக்கிறது, எல்லா ஸ்க்ரூவும் இறுக்கமாக இருக்கிறது.

ஷிப்ட் இன்சார்ஜிடம் சொன்னேன். “பேனல் மூடியிருக்கில்ல, முடிச்சிட்டுத்தான் போயிருப்பான். கார்டை முடிச்சு வைப்பா” என்றார். அவர் கெட்டவர் இல்லை. காலையில் நான்கு விமானங்களை வெளியே தள்ள வேண்டிய பொறுப்பு அவர் தலையில். அவர் சொன்னது கேட்கவும் நியாயமாகத்தான் இருந்தது. செய்யாத வேலைக்கு யாராவது பேனலை மூடுவார்களா?

ஆனால் எனக்குக் கை வரவில்லை. விமானத்தின் திசையையும் ஏற்ற இறக்கத்தையும் கட்டுப்படுத்தும் பாகங்களில் கை வைத்தால், செய்தவர் ஒருவர், தனியாகச் சரிபார்த்தவர் இன்னொருவர் என்று இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கார்டில் இரண்டுமே இல்லை. மாலை ஷிப்டில் அந்த வேலையைப் பார்த்தவர் என் நண்பர், நங்கநல்லூரில் குடியிருந்தார். வீட்டில் போன் கிடையாது. அப்ரண்டிஸ் பையன் ஒருவனை டி.வி.எஸ். 50-ல் அனுப்பினேன். இரவு மூன்று மணிக்கு நண்பரை எழுப்பி, லுங்கிக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட கோலத்தில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தான்.

நண்பர் வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “அந்த நட்டுக்குப் பின் போட்டாச்சா?”

நடந்தது இதுதான். போல்ட்டை மாற்றி, நட்டைக் கையால் திருகி வைத்திருக்கிறார். அதைச் சரியான அளவுக்கு முறுக்கி, கழன்று வராமல் குறுக்கே ஸ்பிளிட் பின் மாட்ட வேண்டும். ஸ்டோரில் அந்த அளவு பின் இல்லை, கொண்டு வருகிறோம் என்றிருக்கிறார்கள். அதற்குள் மழை. தண்ணீர் உள்ளே போகக் கூடாதே என்று பேனலை வைத்து நான்கே நான்கு ஸ்க்ரூ போட்டிருக்கிறார். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து ஆள் வந்தது, குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது என்று. பக்கத்தில் நின்றவரிடம் “நைட் ஷிப்ட் வந்தா சொல்லிடு, நட்டு இன்னும் முறுக்கல” என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார். அந்தப் பக்கத்து ஆளை வேறொரு விமானத்துக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து, பேனலில் நான்கு ஸ்க்ரூ மட்டும் இருப்பதைப் பார்த்து, விட்டுப்போயிருக்கிறது போல என்று நல்ல எண்ணத்தில் மீதி எல்லாவற்றையும் போட்டு இறுக்கிவிட்டார்.

யார் மீது பழி சொல்வது? ஒருவரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை. ஒருவரும் பொய் சொல்லவில்லை. கார்டில் ஒரு வரி எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

திறந்தோம். நண்பர் சொன்னபடியே இருந்தது. விரல் நுனியால் தொட்டதும் நட்டு சுழன்றது. அந்த உணர்வு இன்னும் என் விரலில் இருக்கிறது. அப்புறம் முறைப்படி முறுக்கி, பின் மாட்டி, எலிவேட்டரை முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்து, இரண்டாவது ஆளும் தனியாகப் பார்த்து, இரண்டு கையெழுத்தும் விழுந்தன. விமானம் 8.35க்குக் கிளம்பியது. இரண்டு மணி இருபது நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. எழுதிக் கொடுத்தேன். அந்த விமானத்தில் போனவர்களும் கவுண்டரில் சத்தம் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களில் யாருக்கும் அந்த நட்டைப் பற்றித் தெரியாது. இன்றுவரை தெரியாது.

இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் நடந்ததைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே நடுக்கம் வந்தது. 1991 செப்டம்பர் 10 இரவு, ஹூஸ்டனில் ஒரு ஹாங்கர். கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் எம்பிரேயர் 120 விமானம். வாலின் உச்சியில் படுக்கைவாட்டில் இருக்கும் சிறு இறக்கையின் முன் விளிம்பில், பனி உறையாமல் இருக்க ஒரு ரப்பர் உறை இருக்கும். இரண்டு பக்கமும் அதை மாற்றும் வேலை. மாலை ஷிப்டில் வலது பக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தார்கள். உதவிக்கு மேலே ஏறிய ஆய்வாளர் ஒருவர், வலது பக்கத்தின் மேல்புற ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, அப்படியே இடது பக்கத்துக்கும் போய் அங்கிருந்த 47 ஸ்க்ரூக்களையும் கழற்றினார். ஷிப்ட் மாறியது. வலது பக்க உறையை மாற்றி முடித்த இரவு ஷிப்ட், நேரம் போதாது என்று இடது பக்க வேலையை இன்னொரு நாளுக்குத் தள்ளி வைத்தது. இடது பக்கத்தில் ஏற்கெனவே கை வைத்தாகிவிட்டது என்று ஜாப் கார்டில் பதிவு இல்லை. ஆய்வாளர் கைமாற்றுக் குறிப்பில் ஒரு வரி எழுதத்தான் செய்தார். ஆனால் அடுத்த ஷிப்ட் ஆய்வாளர் அதற்கு முன்பே அந்தத் தாளைப் படித்து முடித்திருந்தார்.

வாலின் மேல்புறம் தரையிலிருந்து பார்த்தால் தெரியாது. காலையில் முதல் பயணம் ஒன்றும் ஆகாமல் போய்ச் சேர்ந்தது. திரும்பி வரும்போது, ஹூஸ்டனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த முன் விளிம்பு பிய்த்துக்கொண்டு போனது. விமானம் ஈகிள் லேக் என்ற ஊருக்கு அருகே விழுந்தது. விமானத்தில் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

எங்கள் பேனல் மூடியிருந்தது, அவர்களுடைய வால் உயரத்தில் இருந்தது. இரண்டு இடத்திலும் கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லியிருக்க வேண்டியது காகிதம்தான். அங்கே அது சொல்லவில்லை. எங்கள் கார்டு காலியாக இருந்ததே எங்களுக்கு ஒரு செய்தியாக அமைந்தது. அந்தக் காலிக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தச் செய்தியை நானே அழித்திருப்பேன்.

அந்த விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பராமரிப்பு ஊழியர்களும் ஆய்வாளர்களும் நடைமுறையைக் கடைப்பிடிக்காததையே முக்கியக் காரணமாகச் சொன்னது. வாரிய உறுப்பினர் ஜான் லாபர் மட்டும் மாறுபட்டு எழுதினார். முறையாக வேலை செய்வதை ஊக்குவிக்கும் ஒரு பழக்கத்தை நிர்வாகம் உருவாக்கத் தவறியதையும் காரணமாகச் சேர்க்க வேண்டும் என்றார். ஹாங்கரில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் லாபர் பக்கம். ஷிப்ட் மாறும்போது வருகிறவரும் போகிறவரும் ஒரே விமானத்தின் அருகில் நின்று அரை மணி நேரம் பேச நேரம் ஒதுக்காமல், அந்த அரை மணிக்குச் சம்பளம் கொடுக்காமல், “ஏன் எழுதவில்லை” என்று மட்டும் கேட்பது நியாயம் இல்லை.

வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றினால் காலண்டரில் தேதியைக் குறித்து வைக்கிறோம். எதற்கு? அடுத்தது எப்போது தீரும் என்று கணக்கு வைக்க. விமானத்திலும் அடிப்படை இதுதான். ஒவ்வொரு பாகமும் எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை ஏறி இறங்கியது, எந்த நாளில் மாட்டியது என்று கணக்கு இருக்கும். சில நூறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏ செக். ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சி செக், அதில் விமானத்தை நாள் கணக்கில் ஹாங்கரில் நிறுத்தித் திறந்து பார்ப்பார்கள். அதற்கும் மேலே, பல வருடத்துக்கு ஒரு முறை, எலும்புக்கூடு தெரிகிற அளவுக்குப் பிரித்துப் பார்க்கும் பெரிய செக். கடலோர ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தைத் தின்னும், அதற்கும் தனிக் கவனம் உண்டு. தன் கணக்குத் தாள் இல்லாமல் வரும் பாகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எங்களுக்கு அது வெறும் இரும்பு. அதை மாட்ட முடியாது.

பதிவில் ஒயிட்னர் தொடக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால், அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். தப்பும் தெரிய வேண்டும், யார் திருத்தினார் என்பதும் தெரிய வேண்டும். புதுப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். இப்போது பல இடங்களில் டேப்லெட் வந்துவிட்டது. நல்லதுதான், கிறுக்கலைப் படித்துத் தலையைச் சொறிய வேண்டியதில்லை. ஆனால் இருபது கட்டங்களில் வரிசையாக டிக் அடிப்பது பேனாவைவிட விரலுக்கு இன்னும் சுலபம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விமானத்துக்கு வரும் ஆணைகளைப் பற்றியும் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தயாரித்த நிறுவனம் அனுபவத்தில் ஒரு குறையைக் கண்டால் சர்வீஸ் புல்லட்டின் அனுப்பும். விஷயம் ஆபத்தானது என்றால், போயிங் விமானத்துக்கு அமெரிக்க அமைப்பும் ஏர்பஸ்ஸுக்கு ஐரோப்பிய அமைப்பும் ஏர்வொர்தினஸ் டைரக்டிவ் வெளியிடும். நாங்கள் ஏ.டி. என்போம். இந்த வரிசை எண் விமானங்கள், இத்தனை மணி நேரத்துக்குள் அல்லது இத்தனை நாளுக்குள், இதைச் செய்தே ஆக வேண்டும் என்று அதில் இருக்கும். இந்தியாவில் அது டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழியாகக் கட்டாயம் ஆகிறது. செய்யாவிட்டால் விமானம் பறக்கத் தகுதி இல்லாதது, பேச்சுக்கே இடமில்லை.

2025 நவம்பர் 28 அன்று வந்ததை நினைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு கான்கூனிலிருந்து நியூவார்க் போன ஜெட்புளூ விமானம் ஒன்று நடுவானில் திடீரென மூக்கைக் கீழே சாய்த்தது. தீவிரமான சூரியக் கதிர்வீச்சு, விமானக் கட்டுப்பாட்டுக் கணினி ஒன்றின் தரவைக் கெடுக்கலாம் என்று ஏர்பஸ் கண்டறிந்தது. உடனே ஐரோப்பிய அமைப்பின் அவசர ஆணை. உலகம் முழுவதும் சுமார் 6,000 ஏ320 வகை விமானங்கள், அடுத்த பயணத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். இந்தியாவில் மட்டும் 338. பெரும்பாலானவற்றில் பழைய மென்பொருளுக்குத் திரும்பினால் போதும், இரண்டு மூன்று மணி நேர வேலை. ஆனால் ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக ஆள் போய், செய்து, சோதித்து, தனியாகப் பதிவு எழுத வேண்டும். அந்த வார இறுதியில் தூங்காமல் அதைச் செய்தவர்களை எனக்கு முகம் தெரியாது. ஆனால் டி.வி.யில் பார்த்ததெல்லாம் விமான நிலையத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர்களைத்தான்.

ஆணை வந்தாலும் அதை எப்படிச் செய்தோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. 1988 ஏப்ரல் 28, ஹவாய்த் தீவுகள். அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737, 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரை ஏறக்குறைய 18 அடி நீளத்துக்குப் பெயர்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். மீதி 94 பேருடன் விமானி எப்படியோ தரையிறக்கினார். 1969-ல் கட்டப்பட்ட அந்த விமானம் 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. தீவுக்குத் தீவு குறுகிய பயணம், ஒவ்வொரு முறையும் உடல் ஊதிச் சுருங்கும், கூடவே கடல் உப்பு. உடல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடத்தில் விரிசல் வருகிறதா என்று பார்க்கச் சொல்லி 1987-லேயே ஆணை வந்திருந்தது. தயாரிப்பாளரின் புல்லட்டின் எல்லா இணைப்புகளையும் பார்க்கச் சொன்னது, ஆணை மேலே இருந்த இரண்டை மட்டும் கட்டாயமாக்கியது. கண்ணால் பார்த்ததும், விரிசல் கண்ட இடத்தைச் சரி செய்ததும் பதிவில் இருந்தன. விரிசல் கண்டால், கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் மின்சாரத்தால் காட்டும் எடி கரண்ட் கருவி வைத்து முழு நீளமும் பார்க்க வேண்டும் என்று ஆணையில் இருந்தது. அப்படிப் பார்த்ததற்கான பதிவு இல்லை. விரிசலோ பறந்து பறந்து வளர்ந்தது. அன்று விமானத்தில் ஏறும்போது ஒரு பயணி கதவருகே விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. வாசகர்கள் இதையும் மனத்தில் வையுங்கள். ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் தயங்காமல் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். தப்பாக இருந்தாலும் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 2025 ஜூன் 12, அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. 260 உயிர்கள். அந்த விபத்தின் காரணம் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன், அது விசாரிப்பவர்களின் வேலை. முதற்கட்ட அறிக்கையில் வந்த ஒரே ஒரு விவரத்தை மட்டும் சொல்கிறேன். எரிபொருள் சுவிட்சின் பூட்டும் அமைப்பைப் பார்க்கும்படி அமெரிக்க அமைப்பு 2018-ல் ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தது. அது ஆலோசனைதான், ஆணை இல்லை. அதனால் அந்த ஆய்வு செய்யப்படவில்லை என்று ஏர் இந்தியா தெரிவித்திருக்கிறது. விதிப்படி அதில் குற்றம் இல்லை. அறிக்கை வெளியானதும் ஜூலை 14 அன்று டி.ஜி.சி.ஏ. அந்தச் சுவிட்சுகளை ஆய்வு செய்யச் சொல்லி, ஜூலை 21க்குள் முடிக்க உத்தரவிட்டது. ஏழு நாளில் செய்யக்கூடிய வேலைதான் அது. ஆலோசனைகள் நூற்றுக்கணக்கில் வரும், எல்லாவற்றையும் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தால், ஏன் வேண்டாம், யார் முடிவெடுத்தார், மறுபடி எப்போது யோசிப்போம் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஸ்க்ரூ முடுக்குகிறவரிடம் கேட்கிற கையெழுத்தை, மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கிறவரிடமும் கேட்க வேண்டும்.

விமான நிறுவனங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. “நிர்வாகக் காரணங்களால் தாமதம்” என்று மைக்கில் சொல்லாதீர்கள். “நேற்று இரவு செய்த ஒரு வேலைக்குப் பதிவு இல்லை, அதைத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒன்றரை மணி நேரம் ஆகும்” என்று தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள். நம் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். மதுரைக்குப் போன அந்த வாசகருக்கு இப்படி ஒருவர் சொல்லியிருந்தால் அவர் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரவு மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே மனிதக் கண் எப்படி ஏமாறும் என்பதை அந்த நேரத்தில் வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள். 1990-ல் இங்கிலாந்தில் ஒரு விமானத்தின் முன் கண்ணாடியை இரவில் மாற்றியவர், பாகங்களின் பட்டியலைப் பார்க்காமல் பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார். 90-ல் 84 போல்ட் கொஞ்சம் மெல்லியவை. பறந்தபோது கண்ணாடி பெயர்ந்து விமானியின் பாதி உடம்பு வெளியே போனது, உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். மாற்றியவர் அனுபவசாலிதான். விமானிகளின் வேலை நேரத்தைக் கறாராக எண்ணுகிறோம். ஹாங்கரில் இரவு முழுக்க நிற்பவர்களுக்கும் அதே கறார் வேண்டும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ‘எந்திரக் கோளாறு, பயணிகள் அவதி’ என்று தலைப்புப் போடும்போது, எது கண்டுபிடிக்கப்பட்டது, யார் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு வரி கேட்டு எழுதுங்கள். பெயர் வேண்டாம். கோளாறு தரையிலேயே கண்ணில் பட்டது என்பதும் செய்திதானே.

நங்கநல்லூர் நண்பரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவர் குழந்தை பிழைத்துக்கொண்டது, இன்று அவளுக்கே கல்லூரி போகும் மகன் இருக்கிறான். அந்த இரவுக்குப் பிறகு நண்பர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். ஷிப்ட் முடிந்து கைமாற்றுப் புத்தகத்தில் எழுதியது போக, சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டிலும் எழுதுவார்: எதைத் திறந்தேன், எதை மூடவில்லை, யாரிடம் சொன்னேன், மணி என்ன. ஓய்வு பெறும் வரை ஒருநாளும் விட்டதில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவர் காலமானபோது, அவர் மனைவி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து, “இதெல்லாம் என்னன்னு எங்களுக்குப் புரியலண்ணா, நீங்க வெச்சுக்குங்க” என்று என்னிடம் கொடுத்தார். உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட நோட்டுகள். 1989 டிசம்பரில் எழுதிய முதல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: “நட்டு முறுக்கவில்லை. பின் போடவில்லை. எழுதவில்லை.”

உங்கள் செய்தியாளர்கள் யாராவது இந்த வேலையைப் பற்றி எழுத நினைத்தால், அந்த டின்னை எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கே வருகிறேன். காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளானாலும் எனக்குச் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
பம்மல், சென்னை